பழைய பாஸ்வேர்டைக் காட்டி மிரட்டும் மெயில்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. வயது 63. திண்டுக்கல் பக்கம் ஒரு ஊர். போன வாரம் ஆங்கிலத்தில் எனக்கு ஒரு மெயில் வந்தது. தலைப்பிலேயே என் பாஸ்வேர்ட், ஓர் எழுத்து மாறாமல். நான் ஆபாசப் படம் பார்த்ததைக் கம்ப்யூட்டர் கேமரா வழியாகப் பதிவு செய்து வைத்திருப்பதாகவும், 48 மணி நேரத்தில் பிட்காயினாகப் பணம் அனுப்பாவிட்டால் எனக்குத் தெரிந்த எல்லோருக்கும் அதை அனுப்பிவிடுவதாகவும் எழுதியிருக்கிறது. அனுப்பியவர் யார் என்று பார்த்தால் என் மெயில் முகவரியே இருக்கிறது. சத்தியமாக நான் அப்படி எதையும் பார்த்ததில்லை. என் கம்ப்யூட்டரில் கேமராவும் கிடையாது. மகன் விட்டுப்போன பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் அது. ஆனாலும் நான்கு இரவுகளாகத் தூக்கமில்லை. மகனிடமும் மருமகளிடமும் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பாஸ்வேர்ட் மகன் பெயரும் ஒரு குறியும் அவன் பிறந்த வருடமும். மெயில், ரயில் டிக்கெட், மளிகை ஆப் என எல்லாவற்றுக்கும் அதுதான். பேங்க் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதால் அதற்கு மட்டும் கடைசியில் 1, 2, 3 என்று போட்டுக்கொண்டு வருகிறேன். 1,600 கோடி பாஸ்வேர்ட் திருடு போனதாகச் செய்தியில் வந்ததே, அதில் என்னுடையதும் போயிற்றா? இனி ஒரு திருக்குறளையே பாஸ்வேர்டாக வைத்துக்கொள்ளலாமா? நோட்டில் எழுதி வைத்தால் தப்பா? இவ்வளவு நடந்தும் எந்தக் கம்பெனியும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, ஏன்?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

அப்படி ஒரு வீடியோ கிடையாது. இன்றிரவாவது நீங்கள் தூங்க வேண்டும் என்பதால் இதை முதலில் எழுதுகிறேன். கேமரா இல்லாத கம்ப்யூட்டரில் யாரும் யாரையும் படம் பிடிக்க முடியாது. அந்த மெயிலை அனுப்பியவனுக்கு உங்கள் வயது தெரியாது, ஊர் தெரியாது, உங்களிடம் கேமரா இருக்கிறதா என்பதுகூடத் தெரியாது. 2018 ஜூலை வாக்கில் இந்த வகை மெயில்கள் உலகம் முழுக்கக் கிளம்பின. அன்றைக்கு எழுதிய அதே கதைதான் இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரே கடிதம் ஏராளமான பேருக்குப் போகும். கல்யாணப் பத்திரிகையின் உறையில் பெயர் எழுதக் கோடு விட்டிருப்பார்கள் இல்லையா, அதுபோல இதிலும் ஓர் இடம் காலியாக இருக்கும். அந்த இடத்தில் அவரவர் பாஸ்வேர்டை கம்ப்யூட்டரே நிரப்பி அனுப்பிவிடும்.

உங்கள் முகவரியிலிருந்தே வந்ததாகக் காட்டியதும் ஏமாற்றுதான். இன்லேண்ட் லெட்டரில் 'அனுப்புநர்' என்ற இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம், தபால்காரர் சரிபார்க்க மாட்டார். மெயிலிலும் அந்த வரியைப் பொய்யாக எழுத முடியும். உங்கள் மெயிலுக்குள் ஆள் புகுந்துவிட்டதற்கு அது சாட்சி ஆகாது.

பணம் அனுப்பாதீர்கள். கெஞ்சியோ திட்டியோ பதிலும் போடாதீர்கள்; பதில் போனால் 'இந்த முகவரியில் பயந்த ஆள் ஒருவர் இருக்கிறார்' என்று நாமே சொல்லிக் கொடுத்ததாகிவிடும். மெயிலை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, 'ஸ்பேம்' என்று குறித்துவிடுங்கள். புகார் கொடுக்க விரும்பினால் மத்திய அரசின் சைபர் குற்றப் புகார்த் தளத்தில் வீட்டிலிருந்தே கொடுக்கலாம். எப்போதாவது பணமே போய்விட்டால் மட்டும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930-ஐக் கூப்பிட வேண்டும். சீக்கிரம் சொன்னால்தான் பணம் கைமாறுவதற்கு முன் நிறுத்திவைக்க வழி உண்டு.

சரி, வீடியோ பொய். ஆனால் பாஸ்வேர்ட் உண்மை. அது அவன் கைக்கு எப்படிப் போனது?

பெரும்பாலும் நீங்கள் என்றோ கணக்குத் திறந்த ஏதோ ஒரு தளத்திலிருந்து. ஒழுங்கான தளம் உங்கள் பாஸ்வேர்டை அப்படியே சேமித்து வைக்காது. அதை அரைத்து மாவாக்கி, அந்த மாவை மட்டும் வைத்துக்கொள்ளும். நீங்கள் அடுத்த முறை பாஸ்வேர்ட் போடும்போது அதையும் அரைத்துப் பார்த்து, இரண்டு மாவும் ஒன்றாக இருந்தால் கதவைத் திறக்கும். அரைத்த மாவு மறுபடி அரிசி ஆகாது. அதனால் மாவைத் திருடியவனால் நேராகப் பாஸ்வேர்டைப் படிக்க முடியாது. அவன் என்ன செய்வான்? ஜனங்கள் வைக்கக்கூடிய பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாக அரைத்து, திருடிய மாவோடு ஒப்பிட்டுக்கொண்டே போவான். இதைத் தடுக்க நல்ல தளங்கள் அரைக்கும்போது ஆளுக்கொரு விதமான உப்பைக் கலக்கும். எங்கள் துறையிலும் அதற்குப் பெயர் உப்புதான், 'சால்ட்' என்போம். உப்பு வேறு வேறாக இருந்தால், ஒரே பாஸ்வேர்ட் வைத்த இரண்டு பேரின் மாவும் ஒன்றாக இருக்காது. திருடன் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அரைக்க வேண்டிவரும்.

பெரிய கம்பெனிகள்கூட இதைச் செய்யாமல் விட்டிருக்கின்றன. 2012-ல் வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் திருட்டு நடந்தபோது பாஸ்வேர்டுகள் உப்பில்லாமல் அரைக்கப்பட்டிருந்தன. முதலில் சுமார் 65 லட்சம் என்றார்கள். 4 வருடம் கழித்து 11 கோடிக்கும் மேற்பட்டவை கள்ளச் சந்தையில் விலைக்கு வந்தன. அதற்கும் முன்னால், 2009-ல் ராக்யூ என்ற கம்பெனி 3.2 கோடி பாஸ்வேர்டுகளை அரைக்காமலேயே வைத்திருந்து பறிகொடுத்தது. அந்தப் பட்டியலைத்தான் இன்றுவரை பாஸ்வேர்ட் உடைப்பவர்கள் முதல் ஆயுதமாக எடுக்கிறார்கள்.

இப்போது உங்கள் பாஸ்வேர்டுக்கு வருவோம். (கடிதத்தில் அதை எழுதியே அனுப்பிவிட்டீர்கள். அந்த வரியை உடனே அழித்துவிட்டேன். இனி யாருக்கும், எனக்கும்கூட, எழுதாதீர்கள்.) பெயர், ஒரு குறி, வருடம். நம் ஊர்ப் பெயர்கள் பத்தாயிரம் எடுத்துக்கொள்ளுங்கள். வருடங்கள் நூறு. நடுவில் போடும் குறிகள் பத்து. பெருக்கினால் ஒரு கோடி. நமக்கு அது பெரிய எண். பழைய முறையில் அரைத்த பாஸ்வேர்டுகளை ஒரு விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு (கம்ப்யூட்டரில் படம் காட்டுவதற்கான பாகம்) நொடிக்குப் பல நூறு கோடி வேகத்தில் சோதித்துப் பார்க்கும். ஒரு கோடி அதற்குக் கண்சிமிட்டும் நேரம்கூட இல்லை.

இதற்காக உங்களை நீங்கள் நொந்துகொள்ள வேண்டாம். பிள்ளை பெயரை வைக்காத அம்மா குறைவு. எனக்குக் கவலை தருவது இன்னொன்று: அதே பாஸ்வேர்ட் இன்றும் உங்கள் மெயிலில் இருக்கிறது. இப்படி மிரட்டிக் காசு பறிக்கப் பார்ப்பவன் பெரும்பாலும் உள்ளே நுழைந்துகூடப் பார்த்திருக்க மாட்டான். அதே பட்டியலை வாங்கிய வேறொருவன் மிரட்ட மாட்டான், மெயில் போட மாட்டான். உங்கள் முகவரியையும் பாஸ்வேர்டையும் எடுத்து ஜிமெயிலில், ஷாப்பிங் தளத்தில், ரயில் டிக்கெட் தளத்தில் சத்தமில்லாமல் போட்டுப் பார்ப்பான். எங்கே திறக்கிறதோ அங்கே உட்கார்ந்துகொள்வான். அவனுக்குத்தான் நாம் பயப்பட வேண்டும்.

2023-ல் அமெரிக்காவில் 23அண்ட்மீ என்ற மரபணுப் பரிசோதனைக் கம்பெனியில் இதுதான் நடந்தது. அவர்களுடைய பாஸ்வேர்ட் களஞ்சியத்தை யாரும் உடைக்கவில்லை. வேறு தளங்களில் கசிந்த பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்து, சுமார் 14,000 பேரின் கணக்குக்குள் நுழைந்தார்கள். அந்தக் கணக்குகள் சொந்தபந்தங்களைக் காட்டும் வசதியால் ஒன்றோடொன்று இணைந்திருந்தன. கடைசியில் 69 லட்சம் பேரின் விவரங்கள் வெளியே போயின. யாரோ ஓர் உறவினர் ஒரே பாஸ்வேர்டை இரண்டு இடத்தில் வைத்ததற்காக, தன் பாஸ்வேர்டை ஒழுங்காக வைத்திருந்தவர்களின் விவரமும் போயிற்று.

அதனால் இன்றைக்குச் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று: மெயில் பாஸ்வேர்டை மாற்றுவது. பேங்கை விட்டுவிட்டு மெயிலை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எந்தத் தளத்திலும் 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' என்று அழுத்தினால் புதிதாக மாற்றும் லிங்க் பெரும்பாலும் மெயிலுக்குத்தான் வருகிறது. மெயில் கையில் இருந்தால் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகக் கைக்கு வந்துவிடும். வீட்டுச் சாவிக் கொத்து மாட்டியிருக்கும் ஆணி அது.

அந்த மாற்றத்தை உங்கள் போனில் செய்யுங்கள். மகன் விட்டுப்போன கம்ப்யூட்டரில் வேண்டாம். விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது. இங்கேதான் உங்கள் 1,600 கோடிக் கேள்விக்கும் பதில் இருக்கிறது. 2025 ஜூனில் வந்த அந்தச் செய்தியைப் படித்தவர்கள் கூகுள், ஆப்பிள், ஃபேஸ்புக் எல்லாம் ஒரே நாளில் உடைந்துவிட்டதாக நினைத்தார்கள். அப்படி நடக்கவில்லை. பல காலமாக, பல இடங்களில் திருடியவற்றைக் குவித்து வைத்த குப்பைமேடு அது, அதில் திரும்பத் திரும்ப வந்தவையும் ஏராளம். ஆனால் அதில் பெரும்பகுதி வந்த வழி கவனிக்க வேண்டியது. திருட்டு சாஃப்ட்வேர், ஓசிப் படம், போலி அப்டேட் இவற்றோடு கம்ப்யூட்டருக்குள் வரும் ஒரு வகைத் திருட்டு நிரல், பிரவுசரில் சேமித்து வைத்திருக்கும் பாஸ்வேர்டுகளை மொத்தமாக வாரி அனுப்பிவிடும். அப்படி ஒன்று அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தால், நீங்கள் மாற்றும் புதுப் பாஸ்வேர்டும் அன்றைக்கே போய்விடும். அந்தப் பெட்டியை இணையத்திலிருந்து கழற்றிவிடுங்கள்.

போனில் கூகுள் கணக்கின் 'செக்யூரிட்டி' பக்கத்துக்குப் போய் பாஸ்வேர்டை மாற்றியதும், கீழே 'யுவர் டிவைசஸ்' என்று இருக்கும். தெரியாத போனோ கம்ப்யூட்டரோ அதில் இருந்தால் வெளியேற்றுங்கள். மீட்பு எண்ணாக உங்கள் இப்போதைய போன் நம்பர்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பத்து வருடத்துக்கு முன் தொலைத்த சிம்மின் நம்பர் இன்னும் அங்கே உட்கார்ந்திருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

இன்னொரு இடத்தையும் பார்க்க வேண்டும், அதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு ஜவுளி வியாபாரி தன் மெயில் பாஸ்வேர்டை மூன்று முறை மாற்றிவிட்டு என்னிடம் வந்தார். மாற்றிய பிறகும் அவருக்கு வரும் பில் ஒவ்வொன்றும் வேறு யாருக்கோ தெரிந்துகொண்டிருந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவர் மெயிலின் 'செட்டிங்ஸ்' பக்கத்தில் 'ஃபில்டர்' என்ற பகுதியைத் திறந்தோம். ஒரே ஒரு வரி. 'பேமென்ட்' என்ற சொல் உள்ள மெயில் வந்தால் அதன் நகலை இந்த முகவரிக்கு அனுப்பு. அந்த முகவரி அவருடையது போலவே இருந்தது, ஓர் எழுத்து மட்டும் கூடுதல். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். திருடன் ஒருமுறை உள்ளே வந்தபோது அதை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அப்புறம் அவனுக்குப் பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. ஃபில்டர், 'ஃபார்வர்டிங்' இந்த இரண்டு பகுதியையும் நீங்களும் பார்த்துவிடுங்கள். போனின் ஜிமெயில் ஆப்பில் இவை தெரியாது. நம்பகமான வேறொரு கம்ப்யூட்டரில்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது உங்கள் திருக்குறள் கேள்வி. தமிழாசிரியை இப்படிக் கேட்டது எனக்கு மகிழ்ச்சி, ஆனால் பதில் 'வேண்டாம்'தான். குறள்கள் மொத்தம் 1,330. ஒவ்வொன்றையும் ஆங்கில எழுத்தில் பத்து இருபது விதமாக எழுதினாலும் சில பத்தாயிரங்களில் முடிந்துவிடும். பாட்டு வரி, பழமொழி, சாமி பெயர் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். பலருக்கு மனப்பாடமான எதுவும் பாஸ்வேர்டாக உதவாது.

உங்களிடம் அகராதி இருக்குமே, அதை எடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கத்தைத் திறந்து விரலை வையுங்கள். விரல் பட்ட சொல் முதல் சொல். இப்படி ஐந்து முறை. 'உரல், தபால், கொய்யா, விடுகதை, நங்கூரம்' என்று சம்பந்தமில்லாமல் வரும், அப்படித்தான் வர வேண்டும். பிடித்த சொல் வரும்வரை மாற்றி மாற்றித் திறக்காதீர்கள். (நான் எழுதிய ஐந்தையும் வைக்காதீர்கள், அவை அச்சாகிவிட்டன.) அவற்றை ஆங்கில எழுத்தில் இடைவெளியோ கோடோ விட்டு எழுதினால் அதுதான் மெயில் பாஸ்வேர்ட். இருபதாயிரம் சொல் உள்ள அகராதியிலிருந்து ஐந்து சொல் எடுத்தால் எத்தனை விதமாக அமையலாம் தெரியுமா? 32 என்று எழுதி அதன் பின்னால் 20 பூஜ்ஜியம் போடுங்கள். மகன் பெயரில் வந்த ஒரு கோடியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உரலுக்குள் கொய்யாவைப் போட்டு இடிப்பதாக ஒரு கதை கட்டிவிட்டால் இரண்டு நாளில் மனதில் நின்றுவிடும், பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பேங்க் பாஸ்வேர்டின் கடைசியில் 1, 2, 3 போடுவது உங்கள் குற்றமில்லை. அடிக்கடி மாற்றச் சொல்லி வற்புறுத்தினால் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். அந்த வழக்கம் பரவியதற்கு ஒரு முக்கியக் காரணம், அமெரிக்க அரசின் தர நிறுவனமான நிஸ்ட் 2000-களின் தொடக்கத்தில் வெளியிட்ட வழிகாட்டி. அதை எழுதிய பில் பர் என்பவரே ஓய்வுபெற்ற பிறகு, 2017-ல், தான் எழுதியதில் பலவற்றுக்காக வருந்துவதாகப் பேட்டி கொடுத்தார். அதே வருடம் நிஸ்ட் தன் விதியை மாற்றியது: காரணமில்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்லாதே, கசிந்த பட்டியலில் இருக்கும் பாஸ்வேர்டை ஏற்காதே. நம் பேங்குகள் பல இன்னும் பழைய பாடத்தையே நடத்துகின்றன. அவர்கள் கேட்கும்போது மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது முழுதாகவே வேறொன்றை வையுங்கள்.

இத்தனையையும் ஞாபகம் வைக்க முடியாது என்பீர்கள். நோட்டில் எழுதுங்கள், தாராளமாக. மகன் என்ன சொன்னாலும் சரி. வெளிநாட்டில் உட்கார்ந்து பட்டியலை அரைத்துக்கொண்டிருப்பவனால் உங்கள் பீரோவில் புடவைக்கு அடியில் இருக்கும் நோட்டைப் படிக்க முடியாது. அதைப் போனில் படமெடுத்து வைக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். மளிகை, டிக்கெட் போன்ற சில்லறைக் கணக்குகளுக்குப் போனே நீளமான பாஸ்வேர்ட் உருவாக்கி நினைவில் வைத்துக்கொள்ளும், அதற்கு விட்டுவிடலாம். பிட்வார்டன் போல, எல்லாப் பாஸ்வேர்டுகளையும் ஒரே முதன்மைப் பாஸ்வேர்டால் பூட்டி வைக்கும் தனிப் பெட்டக ஆப்களும் உண்டு, இலவசமாகவே கிடைக்கும். 2022-ல் லாஸ்ட்பாஸ் என்ற பெட்டகக் கம்பெனியிலேயே திருட்டு நடந்தது. பூட்டிய பெட்டகங்கள் பூட்டியபடி போயின, முதன்மைப் பாஸ்வேர்ட் பலவீனமாக இருந்தவர்களுக்குத்தான் அதிக ஆபத்து. அதனால் பெட்டகத்துக்கும் அகராதிச் சொல் ஐந்துதான்.

பாஸ்வேர்ட் மாற்றிய கையோடு கூகுளில் '2-ஸ்டெப் வெரிஃபிகேஷன்' என்பதைப் போட்டுவிடுங்கள். அப்புறம் பாஸ்வேர்ட் தெரிந்தவனுக்கும் உங்கள் போன் இல்லாமல் கதவு எளிதில் திறக்காது. அங்கேயே 'பேக்கப் கோட்ஸ்' என்று 8 இலக்க எண்கள் பத்து தருவார்கள். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், போன் தொலைந்தால் அவைதான் கைகொடுக்கும். நீங்கள் உள்ளே நுழைய முயலாத நேரத்தில் 'நீங்கள்தானா?' என்று போன் கேட்டால் 'இல்லை' என்று அழுத்துங்கள். ஓடிபி கேட்டு யார் பேசினாலும் சொல்லாதீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

கம்பெனி ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். இந்த இடத்தில் எனக்குக் கோபம்தான் வருகிறது. 2022-ல் வந்த உத்தரவுப்படி, திருட்டு தெரிந்த 6 மணி நேரத்துக்குள் கம்பெனி, மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும். விவரத்தைப் பறிகொடுத்த உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அதில் இல்லை. 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்தான், பாதிக்கப்பட்டவரிடமும் சொல்ல வேண்டும் என்றது. 250 கோடி ரூபாய் வரை அபராதமும் வைத்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின, முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசமும் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை நாமேதான் தேடிப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ட்ராய் ஹன்ட் 2013-ல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' (haveibeenpwned.com) என்ற இலவசத் தளத்தில் உங்கள் மெயில் முகவரியை மட்டும் போட்டால், அவர் சேகரித்த எந்தெந்தக் கசிவுகளில் அது இருக்கிறது என்று சொல்லும்.

அந்தப் பட்டியலைப் பார்க்கும்போது பாஸ்வேர்டோடு வேறு என்ன போயிருக்கிறது என்பதையும் படியுங்கள். பாஸ்வேர்டை மாற்றிவிடலாம், பிறந்த தேதியையும் நோயையும் மாற்ற முடியாது. 2024-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் இன்சூரன்ஸ் வாடிக்கையாளர்களின் மருத்துவ விவரங்கள் டெலிகிராம் வழியாகவே வெளியே கிடைத்தன. இனி யாராவது போனில் உங்கள் பெயர், பாலிசி, போன மாதம் எடுத்த ஸ்கேன் எல்லாம் சரியாகச் சொல்லிப் பேசலாம். அவ்வளவும் தெரிந்திருப்பதால் அவர் கம்பெனி ஆள்தான் என்று நம்பிவிடாதீர்கள். வைத்துவிட்டு, பாலிசிப் புத்தகத்தில் அச்சடித்திருக்கும் நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள்.

கடைசியாக, மகனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஃபில்டர் பகுதியைப் பார்க்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், அவரிடம் இருக்கும். எப்படி ஆரம்பிப்பது என்று தயக்கமாக இருந்தால் இந்தப் பதிலை அப்படியே அவருக்கு அனுப்புங்கள். அந்த மெயில் வந்ததில் நீங்கள் மறைக்க வேண்டியது ஒன்றுமே இல்லை. கேட்டுவிட்டு அவர் முதலில் தன் பாஸ்வேர்டை மாற்றப் போவார் என்று நினைக்கிறேன். அதில் யார் பெயரும் பிறந்த வருடமும் இருக்கிறதோ, அதையும் கேட்டுப் பாருங்கள்.